டாக்டரம்மா மேசையில் ஒரு வாத்து

அந்த ஸ்கேன் சென்டரில் அவரை எல்லோரும் 'வயர்' என்றுதான் சொல்வார்கள். மூன்று மாடிகளிலும் உள்ள கம்ப்யூட்டர்கள், பிரிண்டர்கள், அவற்றை இணைக்கும் கேபிள்கள் எல்லாம் அவர் பொறுப்பு. தோளில் எப்போதும் ஒரு வயர்ச் சுருள் தொங்கும். சாப்பிட உட்காரும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. நேரில் 'வயர் சார்', முதுகுக்குப் பின்னால் வெறும் வயர்.

வாத்து அவர் மைத்துனன் கொண்டுவந்தது. மனைவியின் தம்பிக்கு ஏதோ ஒரு கம்பெனியில் விற்பனை வேலை. எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் சும்மா கிடைப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து அக்கா வீட்டில் கொட்டுவான்.

"மாமா, இதைக் கம்ப்யூட்டர்ல சொருகினா ஆடும். உங்களுக்குன்னே எடுத்து வச்சேன்."

"உன் வீட்டுல வைக்க எடம் இல்லன்னு சொல்லு" என்றாள் அக்கா.

உள்ளங்கை அளவு மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து. வால் இருக்க வேண்டிய இடத்திலிருந்து யுஎஸ்பி வயர் வந்தது. கூடவே ஒரு சிடி. சிடியில் இருந்த புரோகிராம் எந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கோ எழுதியது. வீட்டுக் கம்ப்யூட்டர் அதைத் திறக்கவே மறுத்துவிட்டது. செய்த கம்பெனியின் இணையதளம் இருந்த இடத்தில் இப்போது யாரோ மெத்தை விற்றுக்கொண்டிருந்தார்கள். வேறொருவராக இருந்தால் வாத்தை அலமாரியில் போட்டிருப்பார். வயருக்கு அது முடியாது. சொருகிய ஒரு சாமான் பேசாமல் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

சொருகியவுடன் கம்ப்யூட்டர் 'ஏதோ ஒன்று வந்திருக்கிறது' என்ற அளவுக்கு வாத்தைக் கண்டுகொண்டது. அதற்கு எட்டு எண்கள் கொண்ட ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பலாம் என்பதும் தெரிந்தது. எந்த எண் என்ன செய்யும் என்பது மட்டும் தெரியவில்லை. வயர் பத்து வரியில் ஒரு புரோகிராம் எழுதினார். ஏழு எண்களைப் பூஜ்யமாக வைத்து, ஒன்றை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பிப் பார்த்தார். சனிக்கிழமை முழுக்க வாத்து அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் இடது இறக்கை படக்கென்று ஒரு தடவை அடித்தது.

"ஏய், இங்க வா! கை ஆட்டிடுச்சு!" என்று கத்தினார்.

மனைவி கையில் கரண்டியோடு வந்து பார்த்தாள். "பிள்ளை மொதத் தடவை குப்புற விழுந்தப்போ கூட நீங்க இப்படிக் கூப்பிடல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன்பின் எல்லாம் வரிசையாக வந்தது. ஒன்று அனுப்பினால் இடது இறக்கை, இரண்டுக்கு வலது, நான்குக்குத் தலை திரும்பியது. அடுத்தடுத்த எண்களுக்கு வயிற்றில் சிவப்பு, பச்சை, நீல விளக்குகள். கூட்டி அனுப்பினால் கூட்டாகச் செய்தது. ஒரு தடவை எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பி, நிறுத்துவதற்கு எழுத மறந்துவிட்டார். வாத்து பேய் பிடித்த மாதிரி ஆடி மேசையிலிருந்து கீழே விழுந்தது. அப்போது தலையில் விழுந்த கீறல் கடைசிவரை இருந்தது.

திங்கட்கிழமை அதைச் சென்டருக்கு எடுத்துப்போனபோது அவர் மனதில் விளையாட்டைத் தவிர எதுவும் இல்லை. ஆனால் அன்று காலையே மேல்மாடியில் சண்டை.

மேல்மாடியில் ஓர் இருட்டறையில் டாக்டரம்மா உட்கார்ந்திருப்பார். கீழே எடுக்கும் ஸ்கேன் படங்கள் அவர் திரைக்கு வரும். அவர் பார்த்து, காதில் மாட்டிய மைக்கில் ரிப்போர்ட் சொல்வார். வேகமான, சரியான கண். ஆனால் அவர் மேசை போன் ஓயாமல் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ரிப்போர்ட் ரெடியா என்று கவுன்டரிலிருந்து, எப்போது வரும் என்று வார்டிலிருந்து, நம்பர் தவறி யாரோ. பொறுத்துப் பார்த்து, ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவார். அவசரக் கேஸ் வந்தால் பட்டியலில் சிவப்பு வரி தோன்றும், ஆனால் அது பக்கத்துத் திரையின் மூலையில். படத்துக்குள் மூழ்கிய கண்ணுக்கு அது தெரியாது.

அன்று அப்படித்தான் ஒன்று நடந்திருந்தது. கீழே ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாதவள், மாடி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றாள். "டாக்டர், எத்தனை தடவை போன் பண்றது? நுரையீரல்ல அடைப்பு மாதிரி தெரியுது, கொஞ்சம் பாருங்க."

"போன் எடுத்தா வேலை நடக்காது, எடுக்காட்டி நீங்க ஓடி வரீங்க. நான் என்னதான்மா பண்றது?"

பிரிண்டர் பார்க்க வந்த வயர் வாசலில் நின்று இதைக் கேட்டார். பையில் வாத்து இருந்தது.

அன்று மாலையே சென்டர் கம்ப்யூட்டரில் எழுதி முடித்தார். பட்டியலில் 'அவசரம்' என்று ஒரு வரி புதிதாக வந்தால் வாத்து இரண்டு இறக்கைகளையும் அடித்து, வயிற்றில் சிவப்பு விளக்கைப் போடும். டாக்டரம்மா அந்தப் படத்தைத் திறந்ததும் நின்றுவிடும். மறுநாள் அதை அவர் மேசையில், திரைக்குக் கீழே, கண் தானாகவே படும் இடத்தில் வைத்தார்.

"என்ன சார் இது, எல்.கே.ஜி. கிளாஸா?"

"ஒரு வாரம் இருக்கட்டும் டாக்டர். பிடிக்கலன்னா தூக்கிடறேன்."

இரண்டாம் நாளே புகார் வந்தது. வாத்தின் கேபிள் லேசாக ஆடினாலும் 'சாதனம் கிடைக்கவில்லை' என்று ஒரு பெட்டி திரை நடுவே குதித்தது; அதுவும் ஒரு குழந்தையின் மண்டையோட்டுப் படத்துக்கு மேலே. "இந்தப் பெட்டி இன்னொரு தடவை வந்தா வாத்தை ஜன்னல் வழியாப் பறக்க விட்டுடுவேன்" என்றார் டாக்டரம்மா. வயர் போய் ஒரே ஒரு வரியை மாற்றினார். வாத்து கிடைக்காவிட்டால் பேசாமல் இரு, அடுத்த வேலையைப் பார். பெட்டி அதன்பின் வரவில்லை.

ஒரு மாதத்தில் சென்டரே வாத்துக்குப் பழகிவிட்டது. யார் ஆரம்பித்ததோ, அதன் பெயர் வாத்தியார் ஆகிவிட்டது. "வாத்தியார் கை ஆட்டிட்டாரா?" "வாத்தியார் இன்னிக்கு ரொம்ப பிஸி." டாக்டரம்மாவே மைக்கை மூடிக்கொண்டு, "இருங்க, வாத்தியார் கூப்பிடறார்" என்பார். மேனேஜர், வெளியிலிருந்து யார் வந்தாலும் மேல்மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்; யோசனை தன்னுடையது என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவசரக் கேஸுக்கு டெக்னீஷியன் போன் செய்துதான் ஆக வேண்டும் என்ற பழைய விதி சுவரில் ஒட்டியபடியே இருந்தது. யாரும் செய்யவில்லை. செய்யத் தேவையும் இருக்கவில்லை.

அப்படியிருக்க ஒரு மதியம், வீட்டுக்கு வெள்ளையடிக்கும் பெயின்டர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். ஏணி சறுக்கி விழுந்தவர். நெற்றியில் சின்ன வீக்கம்தான், பேசிக்கொண்டுதான் வந்தார். கூட வந்த மனைவி, "எனக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போலாம்னே சொல்லிட்டு இருக்காரு" என்றாள். டெக்னீஷியன் தலையை ஸ்கேன் எடுத்தாள். ஓரத்தில் வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தது. மூளைக்கு வெளியே ரத்தம் கட்டியிருக்கலாம் என்று நினைத்தாள். 'அவசரம்' போட்டு மேலே அனுப்பினாள். அடுத்து மெஷினைக் கண்டு அலறிய ஒரு குழந்தை. அதைச் சமாதானப்படுத்திப் படுக்கவைக்கவே நேரம் ஓடியது.

வெளியே வந்து பார்த்தபோது பெயின்டர் பெஞ்சில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். "இப்பத்தான் கண் அசந்தாரு" என்றாள் மனைவி. டெக்னீஷியன் அவர் தோளைத் தட்டினாள். பிறகு உலுக்கினாள். எழவில்லை. ஸ்ட்ரெச்சருக்குச் சத்தம் போட்டுவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் மாடிப்படி ஏறி ஓடினாள்.

டாக்டரம்மா ஒரு முதுகெலும்புப் படத்துக்கு நிதானமாக ரிப்போர்ட் சொல்லிக்கொண்டிருந்தார். வாத்து அசையாமல் இருந்தது. விளக்கும் எரியவில்லை.

"டாக்டர், அந்தத் தலை ஸ்கேன்! கீழ மயக்கமாயிட்டாரு!"

"எந்தத் தலை?"

படத்தைத் திறந்த அரை நிமிஷத்தில் அவர் அறுவை சிகிச்சை டாக்டரைப் போனில் பிடித்தார். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் போனது. பெயின்டர் முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். ஆபரேஷன் முடிந்து, ஆள் பிழைத்தார் என்ற செய்தி சாயங்காலம் வந்தது. இடது கை சரியாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

அதற்குள் மேனேஜர் டெக்னீஷியனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார். கதவு சாத்தியிருந்தாலும் வராந்தா வரை கேட்டது.

"சுவத்துல எழுதி ஒட்டியிருக்கில்ல? ஏன் போன் பண்ணல?"

"எல்லாரும் வாத்தியாரை நம்பித்தானே சார்…"

"ஒரு பொம்மையை நம்பி ஒரு உயிரை விட்டுடுவியா? நாளைக்குக் காலையில விளக்கம் எழுதிக் குடு. அதுவரைக்கும் மெஷின் பக்கம் போக வேணாம்."

அவள் வெளியே வந்தபோது வயர் தண்ணீர்க் குழாய் பக்கம் நின்றிருந்தார். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிற்காமல் போய்விட்டாள்.

வயர் மேலே போனார். டாக்டரம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். மேசைக்கு முன்னால் மண்டியிட்டுப் பார்த்தார். வாத்தின் வயர் கழற்றிக் கிடந்தது. அது இருந்த இடத்தில் யாரோ ஒரு நோயாளியின் பென்டிரைவ். வேறு ஊரில் எடுத்த பழைய படங்களைக் கொண்டுவந்திருப்பார்கள். முன்பக்கம் சொருக இடம் இல்லாமல் டாக்டரம்மா வாத்தைக் கழற்றியிருக்கிறார், திரும்பச் சொருக மறந்திருக்கிறார்.

வயர் பென்டிரைவை எடுக்கவில்லை. வாத்தும் கழற்றியபடியே இருந்தது. அப்படியே வைத்துப் புரோகிராமிலிருந்து 'இறக்கை அடி' என்று ஒரு கட்டளையை அனுப்பிப் பார்த்தார். திரையில், 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. இன்னொரு தடவை அனுப்பினார். மறுபடியும், 'அனுப்பப்பட்டது.' வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் சாமானை வாசலில் போட்டுவிட்டு, கொடுத்தாயிற்று என்று சொல்கிற மாதிரி. அப்படிச் சொல்லச் சொன்னவர் அவர்தான். அன்று மாற்றிய அந்த ஒரே வரி.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு போன் பண்ணலதானே?" என்றாள்.

"பண்ணல. பண்ணியிருந்தாலும் ரிசீவர் கீழதான் கெடந்தது."

"நீங்க மாத்தின அந்த ஒரு வரி… அது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. பார்த்தாலும் புரியாது."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். "அப்ப நீங்க சொன்னாத்தான் உண்டு" என்றாள். கொஞ்சம் கழித்து, "வேலை போயிடுமா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"சரி, போனா பார்த்துக்கலாம். என் தம்பியை நாலு கண்காட்சிக்குக் கூடப் போகச் சொல்வோம்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் அவரால் சாப்பிட முடிந்தது.

காலையில் நேராக மேல்மாடிக்குப் போனார். டாக்டரம்மா விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் விளக்கு எரிந்து வயர் பார்த்ததே இல்லை.

"டாக்டர், நேத்து வாத்து…"

"நான்தான் கழட்டினேன்" என்றார் அவர். "ராத்திரி படுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. வாத்தியார் சும்மா இருக்காரு, இன்னிக்கு அவசரம் ஒண்ணும் இல்லபோலன்னு மனசுக்குள்ள நெனச்சது கூட ஞாபகம் இருக்கு."

"நீங்க கழட்டினது எனக்கு, உங்களுக்கு, கீழ அந்தப் பொண்ணுக்கு, எல்லாருக்கும் உடனே தெரிஞ்சிருக்கணும் டாக்டர். தெரியாம பண்ணி வச்சது நான்."

"அந்தப் பெட்டி வரக் கூடாதுன்னு கத்தினது நான்தானே."

"நீங்க பெட்டி வேணாம்னுதான் சொன்னீங்க. வாயையே அடைச்சது நான்."

இருவரும் சேர்ந்து மேனேஜர் அறைக்குப் போனார்கள். டெக்னீஷியன் கையில் ஒரு தாளோடு ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. வயர் நடந்ததை வரிசையாகச் சொன்னார். மேனேஜர் இடையிடையே, "அது இருக்கட்டும், ஆனா விதின்னு ஒண்ணு…" என்று ஆரம்பித்தார். மூன்றாவது தடவை டாக்டரம்மா, "போன் பண்ணியிருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன் சார். அதையும் எழுதிக்கோங்க" என்றார். அதற்கு மேல் விதியைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

டெக்னீஷியன் நன்றி சொல்வாள் என்று வயர் எதிர்பார்த்தாரோ என்னவோ, அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"நேத்து குழாய்கிட்ட நின்னீங்களே சார், அப்பவே தெரியுமா?"

"அப்போ தெரியாது. சந்தேகம் இருந்தது. சாயங்காலம்தான் மேல போய்ப் பார்த்தேன்."

"பார்த்ததும் ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? நைட்டெல்லாம் எங்க மாமியார்கிட்ட என் வேலையைப் பத்தி என்னென்ன பேச்சு வாங்கினேன் தெரியுமா?"

வயருக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. வேலை போகுமா என்ற யோசனையிலேயே இருந்துவிட்டார். "தப்புதான்மா" என்றார்.

மேனேஜர், எல்லாம் தீர்ந்த மாதிரி நாற்காலியில் சாய்ந்தார். "சரி, அந்த வாத்தை இன்னிக்கே குப்பையில போடுங்க."

"போடாதீங்க" என்றாள் டெக்னீஷியன்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"வாத்து போனா பழைய கதைதான். நான் போன் பண்ணுவேன், இவங்க எடுக்க மாட்டாங்க. வாத்து இருக்கட்டும். ஆனா அது முழிச்சிட்டு இருக்கா தூங்குதான்னு எனக்குக் கீழயே தெரியணும். டாக்டர் படத்தைத் திறந்தாங்களா இல்லையான்னும் தெரியணும். தெரியாம மறுபடி நான் நம்ப மாட்டேன்."

வயர் அவள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அதே வேலை. இப்போது புரோகிராம் நொடிக்கொரு தடவை வாத்து இருக்கிறதா என்று பார்க்கிறது. இருக்கும்வரை வாத்தின் வயிற்றில் மங்கலாகப் பச்சை எரியும். கழற்றினால் பச்சை அணைவதோடு, கீழே டெக்னீஷியன் திரையில் மேல் ஓரம் முழுக்க மஞ்சளாகும். அவசரப் படத்தை மேலே திறந்ததும் கீழே 'பார்த்தாச்சு' என்று வரும். ஐந்து நிமிஷத்தில் வராவிட்டால் போன். அந்தப் போனும் புதிது. அதன் நம்பர் ஸ்கேன் அறைக்கு மட்டும் தெரியும். டாக்டரம்மா அதைக் கீழே எடுத்து வைப்பதில்லை. பென்டிரைவ் சொருக மேசை மேலேயே தனியாக ஓர் இடத்தையும் வயர் வைத்துக்கொடுத்தார்; அதற்கான கேபிளைத் தன் தோள் சுருளிலிருந்தே எடுத்தார்.

முதல் வாரத்தில் டெக்னீஷியன் சொல்லாமல் கொள்ளாமல் மேலே போய் வாத்தைக் கழற்றிவிட்டு, கீழே வந்து திரை மஞ்சளாகியிருக்கிறதா என்று பார்த்தாள். ஆகியிருந்தது. மறுநாளும் கழற்றினாள். 

டாக்டரம்மா பெயின்டரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தார். படம் தன் திரைக்கு வந்தும் தான் நேரத்துக்குப் பார்க்கவில்லை என்பதை அவர் மனைவியிடம் நேராகச் சொன்னார். அந்த அம்மாள் கணவரின் இடது கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாளாம். பிறகு, "அந்த நேரம்தான் கையைக் கெடுத்துச்சா?" என்று கேட்டாளாம். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியல" என்று சொல்லிவிட்டு வந்ததாக டாக்டரம்மா வயரிடம் சொன்னார். 

மூன்று மாதம் கழித்து மறு ஸ்கேனுக்குப் பெயின்டர் வந்தார். வயர் அப்போது கவுன்டர் பிரிண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று ஆம்புலன்ஸில் ஏறியபோது பார்த்த அவர் மனைவி கூட இருந்ததால்தான் இன்னார் என்று தெரிந்தது. தலையில் முடி குட்டையாக முளைத்திருந்தது. இடது கை விரல்களைப் பெயின்டர் மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தார். மடங்கின, ஆனால் சோம்பலாக.

"கை எப்படி இருக்கு அண்ணே?" என்று கேட்டார் வயர்.

"பிரஷ் பிடிக்குது, டப்பா பிடிக்க மாட்டேங்குது. ஏணி ஏறக் கூடாதுன்னுட்டாங்க." பெயின்டர் கவுன்டருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். எழுந்து வந்து நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். செதிலாக வந்தது. "இதை யாரு அடிச்சது? சுவத்துல ஈரம் காயறதுக்கு முன்னாடியே பட்டி பூசியிருக்கான். ரெண்டு மழைக்கு மொத்தமா உரிஞ்சி விழும்."

"உட்காருங்க, வந்த எடத்துல" என்றாள் மனைவி.

"ஏணிக்குக் கீழ நின்னு ஆளுங்களைத் திட்டறதுக்கு எனக்கு ரெண்டு கையும் வேணாம்" என்றார் அவர் வயரிடம். "மேனேஜர் யாரு? பேசிட்டுப் போறேன்."

ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. டெக்னீஷியன் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, நீங்கதான். சாவி, மோதிரம், பெல்ட் எல்லாம் கழட்டிக் குடுத்துட்டு வாங்க."

பெயின்டர் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டே உள்ளே போனார். வயர் பிரிண்டருக்குள் சிக்கியிருந்த தாளைக் கிழியாமல் இழுக்க ஆரம்பித்தார்.